யமுனாவுக்கு அவித்த முட்டை

ஸ்ரீரங்கம்
20.1.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

பிரேமலதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மருமகன் கலையரசனும் உங்கள் மகள் யமுனாவும் சுகம். மணப்பாறையில் நீங்களும் சுரேஷ்குமார் தம்பியும் அவர் மனைவி மக்களும் சுகமாக இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் காது இரைச்சல் தேவலையா?

இதைப் போனில் சொல்ல முடியாது. உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்த வேண்டும். நாங்கள் இருப்பது பின்கட்டில் ஒரே அறை. கத்தினால் யமுனாவுக்கும் கேட்கும், முன்கட்டில் வீட்டுக்கார மாமிக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்தாம் மாதம் நல்லபடியாக ஓடுகிறது, பிள்ளைத் துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் யமுனாவுக்கு ரத்தம் எட்டு புள்ளி நான்குதான். பதினொன்று இருக்க வேண்டுமாம். பிரசவத்துக்குள் ஏறவில்லை என்றால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளையும் எடையில்லாமல் பிறக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். போன முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்ததை நினைத்து யமுனா வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நல்ல சாப்பாடு கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கலையரசனுக்குத் துவாக்குடி பட்டறையில் தீபாவளியிலிருந்து பாதி நாள்தான் வேலை. நான் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து ஓட்டுகிறேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பொங்கலுக்குத் தம்பியிடம் கேழ்வரகு டின்னுக்குள் முட்டை புதைத்து அனுப்பினீர்களே, உங்கள் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் இந்த வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது என்று சொல்லித்தான் மாமி குடிவைத்தார். டின்னை வாசலிலேயே பிரித்துவிட்டு நான் திருதிருவென்று நின்றேன். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள
பிரேமலதா

———

சமயபுரத்தாள் துணை

மணப்பாறை
27.1.2025

அன்புள்ள சம்பந்திக்கு, வீரம்மாள் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். காது அப்படியேதான் இருக்கிறது, அது என்னோடுதான் வரும்.

எங்கள் வம்சத்தில் ரத்தக்குறைவு என்று ஒருத்திக்கும் வந்ததில்லை. நான் நான்கு பெற்றேன், களத்து வேலை செய்துகொண்டே பெற்றேன். சுரேஷ்குமாரின் பிள்ளைகள் இரண்டையும் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் என் பேத்திதான் முதல். அதனால் குறை வம்சத்தில் இல்லை. உங்களைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டவுன் சாப்பாட்டைச் சொல்கிறேன்.

பீட்ரூட் கொடுங்கள். மாதுளம்பழம் கொடுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம். மாத்திரை குமட்டுகிறது என்று யமுனா முன்பே என்னிடம் சொன்னாள். சூடான டீயோடு முழுங்கச் சொன்னேன். அப்படியே செய்கிறாளா என்று பாருங்கள்.

பட்டறை வேலை பற்றி எழுதினீர்கள். மாப்பிள்ளையை யாரும் குறை சொல்லவில்லை. இங்கே கடலை எடுத்தாயிற்று. ஒரு சிப்பம் அனுப்புகிறேன். தட்டைப்பயறும் வைக்கிறேன். கடலையில் மாமிக்கு ஒன்றும் ஆட்சேபம் இருக்காதே?

மற்றதை நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஆத்தாள் பார்த்துக்கொள்வாள். பிள்ளையை வெயிலில் நடக்க விடாதீர்கள்.

இப்படிக்கு
வீரம்மாள்

———

ஸ்ரீரங்கம்
11.2.2025

அன்பும் மரியாதையும் உள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

இங்கு மூவரும் நலமே. கடலையும் தட்டைப்பயறும் வந்து சேர்ந்தன. கடலையை வறுக்கும்போது வீடே மணத்தது. மாமியே எட்டிப் பார்த்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார். உங்களுக்குக் கோடி நன்றி.

எங்கள் வார்டு நர்ஸ் வந்திருந்தார். பீட்ரூட், மாதுளை என்று நான் ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். "கலரைப் பாத்து ரத்தம் ஊறாதும்மா. மாதுளம்பழம் வாங்குற காசுக்கு ஒரு வாரத்துக்குப் பயறும் கீரையும் வாங்கலாம்" என்றார். டீ விஷயம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. டீயோடு முழுங்கினால் மாத்திரை உடம்பில் சேராதாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவிலும் ஒரு மணி நேரமாவது விட வேண்டுமாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சாப்பிட்டால் சேருமாம். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஆற்றிக் கொடுத்தவள்தான்.

இப்போது காலையில் அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் கஞ்சி. மதியம் ரேஷன் பருப்பில் ஏதாவது ஒரு கீரையைப் போட்டுக் கடைகிறேன். முருங்கைக்கீரை கேட்டால் மாமி கொல்லையிலேயே ஒடித்துக்கொள்ளச் சொல்கிறார். சாயங்காலம் முளைகட்டிய பயறு, எலுமிச்சை பிழிந்து. காய்கறிக்குக் காந்தி மார்க்கெட் மூடுகிற சமயத்தில் போகிறேன். கொஞ்சம் வாடியிருக்கும், விலையும் அதே அளவுக்கு வாடியிருக்கும்.

முட்டைக்கும் வழி பிறந்தது. வடக்கு வாசலில் கீரை விற்கும் பொன்னுத்தாய்க்குக் கொள்ளிடக்கரையில் வீடு. நான் முட்டை வாங்கி அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் தினம் ஒன்று அவித்து வைப்பாள். யமுனா சாயங்காலம் காலாற நடந்துபோய் அங்கேயே சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். திருட்டுத்தனமாக இருக்கக் கூடாது என்று மாமியிடமும் சொல்லிவிட்டேன். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் ஆத்துக்குள்ள அது வரப்படாது, அவ்வளவுதான். வாசலுக்கு அந்தண்டை அவ என்ன சாப்பிடறான்னு நான் மோந்து பாக்கப் போறதில்ல. புள்ளத்தாச்சி நன்னா சாப்பிடட்டும்" என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

உங்கள்
பிரேமலதா

———

சமயபுரத்தாள் துணை

மணப்பாறை
24.2.2025

சம்பந்திக்கு வீரம்மாள் எழுதியது. சுகம், சுகத்துக்கு எழுதவும்.

டீயைப் பற்றி எழுதியதைப் படித்தேன். என் மருமகளிடம் கொடுத்து இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், மாமியார் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று. சரி, இனி இங்கேயும் சோறு தின்ற கையோடு டீ கிடையாது.

மாமிக்கு என் கும்பிடு சொல்லுங்கள். பெரிய மனசு. பொன்னுத்தாய்க்கு ஒரு படி பயறு எடுத்து வைத்திருக்கிறேன். பெற்றவள் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், யார் யாரோ என் பிள்ளைக்கு ஆக்கிப் போடுகிறார்கள். இதற்கெல்லாம் நான் எப்படி ஈடு செய்வேன்.

மாசிக் கடைசி ஞாயிறுக்கு முன்னால் ஒரு நடை வருகிறேன். யமுனாவிடம் தனியாகப் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் உள்ளது, வேறொன்றும் இல்லை. அவளுக்கு ஒரு மஞ்சள் நூல் புடவையும் எடுத்திருக்கிறேன். வெயில் காலத்துக்கு உடம்பை உறுத்தாது.

வீரம்மாள்

———

ஸ்ரீரங்கம்
13.3.2025

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் பஸ் ஏறிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. உடம்பு அலுப்பு தீர்ந்ததா? இங்கே எல்லோரும் சுகம்.

நல்ல செய்தி. ரத்தம் ஒன்பதைத் தொட்டுவிட்டது. "இதே மாதிரி போனா பயம் இல்ல" என்று டாக்டரம்மா யமுனாவின் கன்னத்தைத் தட்டினார். கலையரசன் அன்றைக்குக் கொய்யாப்பழம் பை நிறைய வாங்கி வந்தான். அது யமுனாவுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு அவனே இரண்டு தின்றான்.

நீங்களும் யமுனாவும் மாமி கொல்லையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் வரவில்லை. நீங்கள் போன பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு. நீங்கள் கொடுத்த மஞ்சள் புடவையைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டுகிறாள். அம்மா ஞாபகம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாளாகச் சோறு கொஞ்சம் இறங்க மாட்டேன் என்கிறது. கேட்டால், "வயிறு நெஞ்சை முட்டுது அத்தை" என்கிறாள். ஏழாம் மாதம் ஆகிறதே, அப்படித்தான் இருக்கும்.

உங்கள் நினைவாகவே
பிரேமலதா

———

சமயபுரத்தாள் துணை

மணப்பாறை
19.3.2025

அன்புள்ள சம்பந்தி, நாங்கள் நல்லபடி. ரத்தம் ஏறியது கேட்டு நெஞ்சு குளிர்ந்தது. அதை ஏற்றியவள் யார் என்று எனக்குத் தெரியும்.

யமுனாவை இது சாப்பிடு, அது சாப்பிடு என்று வற்புறுத்த வேண்டாம். பங்குனி வெயிலில் வயிறு கேட்பதைக் கொடுத்தால் போதும். பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவையே நல்ல குளிர்ச்சி. பங்குனிக் கடைசி ஞாயிறு வரை அவள் போக்கில் விடுங்கள். பிறகு நீங்கள் போடுவதெல்லாம் சாப்பிடுவாள்.

நான் சுகம். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

வீரம்மாள்

———

ஸ்ரீரங்கம்
26.3.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்தையும் கேட்டு எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பொன்னுத்தாய் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை. காசு கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றாள்.

"தினம் எங்க மாமியாருக்கு முட்டை குடுத்தனுப்புறீங்க. பல்லு போன கெழவி, ரெண்டு வாரமா ஆசையாத் திங்குது. உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொல்லுச்சு. நான் கீரைக்குக் காசு வாங்கினா அடுக்குமா?"

"நான் எப்பக் குடுத்தனுப்பினேன்?" என்றேன்.

"யமுனாதான் சொல்லுச்சே, அத்தை உங்க மாமியாருக்குக் குடுக்கச் சொன்னாங்கன்னு. அதுக்கு முட்டை வேற எங்கயோ ஏற்பாடு ஆயிருச்சுன்னு நினைச்சேன். நானும் மேல கேக்கல."

அவள் நன்றி சொல்லத்தான் வந்தாள். கீரையை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

யமுனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கோபமாகக் கேட்கவில்லை, நம்புங்கள். அவள் அழுதாள். "அம்மா வேண்டிக்கிட்டாங்க அத்தை. இந்தப் புள்ளை தங்கணும்னு ஆத்தாளோட சேந்து நானும் அம்மாவும் பச்சைப்பட்டினி இருக்கோம்னு சொல்லிட்டாங்க. மாசிக் கடைசி ஞாயித்துலேர்ந்து சமைச்சது எதுவும் தொடல. நீங்க தப்பா நினைப்பீங்கன்னுதான் சொல்லல. முன்னாடி நான் ஒண்ணும் வேண்டிக்காமத்தானே அது போச்சு?"

நான் போட்ட சோற்றை மாமி வீட்டுப் பசுவுக்கும், பயறைக் கொல்லைப் புறாக்களுக்கும் வைத்திருக்கிறாள். சாயங்காலம் கொஞ்சம் துள்ளுமாவும் மோரும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் இதுதான் சாப்பாடு.

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எட்டு புள்ளி ஒன்று. முதலில் இருந்ததைவிடக் கீழே. பிள்ளை வளர்ச்சியும் ஒரு வாரம் பின்தங்கி இருக்கிறதாம். வாரம் ஒரு முறை இரும்புச்சத்து டிரிப் போட வேண்டும், அதோடு சாப்பிடவும் வேண்டும். வெறும் டிரிப்பை நம்பினால் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். நான் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. "என்னம்மா வீட்டுல சாப்பாடு போடறீங்களா இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

சம்பந்தி அம்மா, உங்கள் வேண்டுதலுக்குள் நுழைய எனக்கு உரிமை இல்லை. நான் சாப்பிடு என்றால் அவள் சாப்பிட மாட்டாள். நீங்கள் வேண்டியதை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். ஒரு வரி எழுதுங்கள். போனில் சொன்னால் இன்னும் நல்லது. ஊருக்கே கேட்டாலும் பரவாயில்லை.

பிரேமலதா

———

ஸ்ரீரங்கம்
1.4.2025

சம்பந்தி அம்மாளுக்கு,

பதில் இல்லை. சுரேஷ்குமார் தம்பிக்குப் போன் செய்தேன். "அம்மா கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாளா யாரோடயும் பேசல. இன்னைக்குக் காலையில சொல்லாம பஸ் ஏறிட்டாங்க" என்றார். கவலையாக இருக்கிறது. என் கடிதத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்திருந்தால் மன்னியுங்கள்.

டிரிப் ஒன்று போட்டாயிற்று. யமுனா மோர் மட்டும் குடிக்கிறாள்.

பிரேமலதா

———

சமயபுரத்தாள் துணை

மணப்பாறை
3.4.2025

அன்புள்ள தங்கச்சி பிரேமலதாவுக்கு, வீரம்மாள் எழுதுவது. நான் பத்திரமாக வீட்டில் இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல்தான். ஆத்தாளுக்குச் சொன்ன வாக்கை அவிழ்க்கச் சொல்ல இவள் யார் என்று நினைத்தேன். அவிழ்த்த பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்தில் ஒரு வரி எழுதவில்லை. எட்டு புள்ளி ஒன்று என்று நீங்கள் எழுதிய இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்க வேண்டியவளிடமே கேட்டுவிடலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை சமயபுரத்துக்குப் போனேன். நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் லால்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. மஞ்சள் புடவை, கழுத்தில் மாலை, அவளும் பட்டினிக்காரிதான். இடுப்பில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை அவித்த கடலையை அள்ளி அள்ளித் தின்கிறது. என் வாய் சும்மா இருக்குமா.

"ஏம்மா, ஆத்தா பட்டினி கெடக்குற நாள்ல, அவ வாசல்லயே வச்சுப் புள்ளைக்குத் தீனி போடுறியே, நல்லாவா இருக்கு?" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. என்ன என்றேன். மறுபடி சொன்னாள், மறுபடியும் என்ன என்றேன். அவள் என் காதருகே வந்து கத்தினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆத்தா எதுக்குப் பட்டினி கெடக்கா? நம்ம புள்ளைங்க நல்லாருக்கணும்னுதானே? புள்ளையும் பட்டினி கெடந்தா அவ எதுக்கும்மா கெடக்கணும்?"

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "இப்ப ஆத்தாளுக்கே கேட்டுருக்கும், நகருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதிலிருந்து தெரிந்த சங்கதிதான். உலகத்துப் பிள்ளைகளுக்காக அவள் சோறு தொடாமல் கிடக்கிறாள். பெற்றவள் செய்கிற வேலையை அவள் செய்கிறாள். அப்படியானால் நம் வீட்டில் கிடக்க வேண்டியவள் பெற்றவள், அதாவது நான். வயிற்றில் இருப்பதையும் அதைச் சுமப்பவளையும் சேர்த்துக் கிடக்கச் சொன்னேனே, அது என்ன வேண்டுதல்? இத்தனை வருஷம் அவளைக் கும்பிட்டு, அவள் என்ன செய்கிறாள் என்றே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சன்னதிக்கு முன்னால் நின்று மாற்றிச் சொல்லிவிட்டேன். என் மகள் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன், அவள் இன்றைக்கே சாப்பிடட்டும் என்றேன். ஆத்தாள் முகத்தில் கோபம் இல்லை. எனக்குக் காதுதான் போயிற்று, கண் நன்றாகத் தெரியும்.

கோயில் வாசலிலிருந்தே பூக்கடைக்காரரின் போனை வாங்கி யமுனாவுக்குப் பேசினேன். அவள் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. நான் சொன்னது அவளுக்கு விழுந்திருக்கும். மறுபடியும் எழுத்தில் எழுதுகிறேன், அவளிடம் காட்டுங்கள். யமுனா, அத்தை போடுவதைச் சாப்பிடு. பயறு சாப்பிடு, கீரை சாப்பிடு, முட்டையும் சாப்பிடு. தீட்டு எதுவும் இல்லை. அம்மா பொறுப்பு.

ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியை நீங்கள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை நான் எந்த ஜென்மத்தில் மறப்பேன்.

உங்கள் அக்கா
வீரம்மாள்

———

ஸ்ரீரங்கம்
15.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எல்லாச் சுகமும் தரட்டும். இன்றைக்குச் சமயபுரத்தில் தேர். பஸ்ஸெல்லாம் மஞ்சள் புடவையாக வடக்கே போகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் போன் வந்தபோது தெருவே கேட்டது. மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "யாருடி அது, சம்பந்தியா? மைக்கு இல்லாமலே பேசறாளே" என்றார். யமுனா போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அத்தை, பருப்பு இருக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா. சட்டியோடு எடுத்து வைத்தேன். மாமி தன் வீட்டு நெய்யை ஒரு கரண்டி கொண்டு வந்து விட்டார். அவள் தின்று முடிக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் டி.வி. பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து முட்டை அவள் வாய்க்குள் போவதைப் பொன்னுத்தாய் நின்று பார்க்கிறாள். கிழவிக்கு நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். யமுனா ஒப்புக்கொள்ளவில்லை. கிழவிக்கும் ஒன்று சேர்த்துத்தான் வாங்குகிறோம். ருசி கண்டவளுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது.

மூன்று டிரிப் முடிந்தது. ஒன்பது புள்ளி ஏழு. பிள்ளை எடையும் பிடித்துக்கொண்டது. இப்போது வீடு முழுக்க நலம் என்று கை கூசாமல் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மகள் பங்கையும் சேர்த்துப் பட்டினி கிடந்தீர்களே, பங்குனிக் கடைசி ஞாயிறோடு முடித்துவிட்டீர்களா? தம்பி சரியாகச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்? கடலையும் பயறும் இங்கே அனுப்பிவிட்டு அங்கே ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டு அவளை உங்கள் கையில் ஒப்படைக்கப் போகிறேன். தூக்கிச் சுமக்கிற கையில் பலம் இருக்க வேண்டும். மறக்காமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
பிரேமலதா

———

சமயபுரத்தாள் துணை

மணப்பாறை
28.4.2025

தங்கச்சிக்கு, எல்லோரும் சௌக்கியம். வளைகாப்புக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை நல்ல நாள் என்று சுரேஷ்குமார் பார்த்து வந்திருக்கிறான். நாங்கள் முந்தின நாளே வருகிறோம். கலவைச் சாதம் ஏழு வகையும் இங்கிருந்தே செய்துகொண்டு வருகிறேன். நீங்கள் அடுப்பு மூட்ட வேண்டாம். மாமிக்குப் பூண்டு, வெங்காயம் இல்லாமல் தனி வாளியில் வரும். பொன்னுத்தாயையும் அவள் மாமியாரையும் கண்டிப்பாக அழைத்துவிடுங்கள்.

வீரம்மாள்

———

சமயபுரத்தாள் துணை

மணப்பாறை
20.6.2025

அன்புள்ள தங்கச்சி பிரேமலதாவுக்கு,

அக்கா எழுதுவது. நீங்கள் போன வாரம் பேத்தியைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவள் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். யமுனா நன்றாகத் தேறிவிட்டாள். மாப்பிள்ளைக்கு முழு நாள் வேலை திரும்ப வந்த செய்தி கேட்டு இந்தப் பக்கமும் எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது என்று நர்ஸ் சொன்னதை நான் இன்னும் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரசவத்தன்று ரத்தம் பத்து புள்ளி ஆறு, ஒரு பாட்டில்கூட ஏற்றவில்லை. என் பேத்தி அழுதால் எனக்கே கேட்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். வம்சம் அப்படி. உங்கள் வம்சத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே கிழவிகள் வந்து உட்கார்ந்துகொண்டு பிள்ளைபெற்றவளுக்குப் பருப்பு ஆகாது, கீரை ஆகாது, பழம் ஆகாது, தண்ணீரே கூடாது என்று ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அவர்களுக்கு முன்னால் நானே சொல்லியிருப்பேன். இப்போது யமுனா முன்னால் தட்டை வைத்துவிட்டு, "அவ திங்கட்டும், நீங்க காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றேன். ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. காப்பியை மட்டும் குடித்தார்கள்.

நீங்கள் ஏப்ரலில் என்னைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. வளைகாப்பன்று நேரில் கேட்டபோதும் பேச்சை மாற்றினேன். பொய் எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதுகிறேன். நீங்கள் அப்போது சந்தேகப்பட்டது சரிதான். இப்போது யமுனா நான் உட்காராமல் தட்டில் கை வைப்பதில்லை. அதனால் தினமும் அவளோடேயே உட்காருகிறேன். அவளுக்கு என்னவோ அதுதான் எனக்கும். நேற்று ஒரு முட்டை முழுசாகச் சாப்பிட்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. நன்றாக இருந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் சமயபுரத்தில் பேத்தியைக் கரும்புத் தொட்டிலில் போட்டுக் கோயிலைச் சுற்றி எடுத்துவர வேண்டும். கரும்பின் முன் நுனியை மாப்பிள்ளை பிடிக்கட்டும், பின் நுனியை யமுனா. அவளுக்குக் கை வலித்தால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த உரிமை உங்களுக்குத்தான். நான் பக்கத்தில் நடந்து வருகிறேன்.

வழக்கமாக வெறும் வயிற்றோடு போய்த்தான் ஆத்தாளைப் பார்ப்போம். இந்தத் தடவை அப்படி வேண்டாம். நீங்கள் அங்கிருந்து வாருங்கள், நாங்கள் இங்கிருந்து வருகிறோம். பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, நான் கொண்டுவரும் பொங்கலையும் பயற்றையும் பிரித்து எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடுவோம். பிறகு உள்ளே போவோம். நமக்காகப் பட்டினி கிடந்தவளுக்கு நாம் சாப்பிட்டோம் என்று தெரிய வேண்டாமா?

மாமிக்கும் பொன்னுத்தாய்க்கும் கிழவிக்கும் என் கும்பிடு. என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுதவும்.

உங்கள் அன்புள்ள அக்கா
வீரம்மாள்